மாமாவைக் கொன்ற குச்சி

வீட்டில் மனிதர்கள் வாயைத் திறந்தால் கேட்க ஆள் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் பேசுகிறது என்று யாரோ கிளப்பிவிட்டதும் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை என்றால் மெத்தைக் கடை மாடியில் கால் வைக்க இடமில்லை. படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒவ்வொருவர் மடியிலும் கைக்குழந்தை மாதிரி ஒரு லேப்டாப். பெரிய பெட்டியை இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தவர்களும் உண்டு. ஓர் அம்மாள் போர்வை சுற்றி எடுத்து வந்திருந்தார். பெட்டிக்குக் குளிருமாம்.

மேடையில் உட்கார்ந்திருப்பவர் திரைஞானி. வெள்ளை உடை, கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, சங்கிலியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி. கடையில் வாங்கினால் அதற்குப் பெயர் பென்டிரைவ். ஞானியின் நெஞ்சில் தொங்கினால் ஞானக்குச்சி. நம்மில் சிலருக்கு நாற்காலி மாறினால் மரியாதை கூடுகிறதே, அதுபோலத்தான்.

"உங்க பாஸ்வேர்டு எனக்கு வேண்டாம்" என்பார் ஞானி, மைக்கில். "சொல்லாதீங்க. சொன்னா காதைப் பொத்திக்குவேன். பெட்டியை மட்டும் திரைக்குப் பின்னால கொஞ்ச நேரம் என்கூட விட்டுட்டுப் போங்க. நீங்க அதுகிட்ட ஒளிச்சது, அழுதது எல்லாத்தையும் அதுவே சொல்லிடும்."

சொன்னபடியே சொல்லவும் செய்தார்! மருந்துக்கடை ஊழியர் வேலையை விட நினைப்பதைச் சொன்னார். பள்ளிக்கூட டீச்சரம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயைச் சொன்னார். இடது முழங்கால் என்றுகூடச் சொன்னார். பெட்டியைத் திருப்பி வாங்கி ஆன் செய்து பார்த்தால் பாஸ்வேர்டு பூட்டு போட்டபடி அப்படியே இருக்கும். உள்ளே ஈ கூட நுழைந்த அடையாளம் கிடையாது. அப்புறம் என்ன, பெட்டிதான் பேசியிருக்க வேண்டும்! கட்டணம் என்று ஒரு காசு கிடையாது. விரும்பியதைக் கொடுக்கலாம். விரும்பாதவர்களை வாசலில் நிற்கும் உதவியாளர் விரும்ப வைப்பார். போகும்போது அரக்கு வைத்து மூடிய 'காப்புக்குச்சி' ஒன்றும் வாங்கிப் போக வேண்டும். அதை எதிலும் செருகிப் பார்க்கக் கூடாது. செருகினால் சக்தி போய்விடும். உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரிந்துவிடும் என்று சொல்லாமல் எவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கிறார், பாருங்கள்.

முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வங்கிக் கேஷியர். நோட்டை இரண்டு தடவை எண்ணாமல் பெற்ற பிள்ளையையே நம்பாத மனிதர். கள்ள நோட்டை விரலால் தடவியே கண்டுபிடித்தவர். கள்ள ஞானியைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றாமல் போயிற்று. வீட்டுக்கு வந்து தன் மூத்த மகளிடம் அவர் குதித்த குதி இருக்கிறதே!

"உம்முள்ளே ஒரு கவிஞன் மூச்சு முட்டிக் கிடக்கிறான்னு சொன்னார்மா! குடையை மறந்து வச்சிட்டுப் போன ஒரு பொண்ணை நீர் இன்னும் மறக்கலைன்னார். நான் கவிதை எழுதுறது இந்த உலகத்துல யாருக்குத் தெரியும்? சொல்லு!"

"எந்தப் பொண்ணு?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே அம்மாவும் வந்தாள். "குடையா? அது நான்தான். மறக்கவும் இல்லை ஒண்ணும் இல்லை. வேணும்னேதான் விட்டுட்டுப் போனேன்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூத்தவளுக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் வீட்டில் ஒருவர்கூட அவரைக் கவிஞர் என்று கூப்பிட்டதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தன் கூப்பிட்டதும் மனிதர் விழுந்துவிட்டார்.

அதோடு போயிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அடுத்த வாரம் அப்பா, வரப்போகிற மருமகளின் லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டு போனார். மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூத்தவளின் தம்பியும் அவளும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீடும் சம்மதித்து, அடுத்த மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. "எடுத்துட்டுப் போங்க அங்கிள்" என்று அவளும் சிரித்தபடி கொடுத்துவிட்டாள். பாவம், அதுதான் அவள் செய்த தப்பு.

ஞானி திரைக்குப் பின்னாலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "இந்தப் பெட்டி ஊமை. ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது. இந்தப் பெண் அதோட வாயைக் கட்டி வச்சிருக்கா. மறைக்க ஏதோ இருக்கு. இவள் காலடி வைக்கிற வீட்ல பேச்சே நின்னு போயிடும்."

அன்றைக்கே வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஞானியின் வாக்கு எவ்வளவு சீக்கிரம் பலிக்கிறது, பாருங்கள்!

"ஞாயித்துக்கிழமை நம்ம பெட்டியைக் கடைசியா ஒரு தடவை காட்டப் போறேன்" என்றார் அப்பா. "அது வேண்டாம்னு சொன்னா அன்னைக்கே பொண்ணு வீட்டுக்குப் போன் பண்ணி நிறுத்திடுவேன்."

தம்பி தட்டைத் தள்ளி வைத்தான். "கல்யாணம் எனக்கா, உங்க கம்ப்யூட்டருக்காப்பா?"

"எனக்கு எதிர்ல நின்னு பேசாதே! அவ பெட்டியில ஒண்ணும் இல்லைன்னா ஏன் பேசல?"

தம்பி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சத்தம் போட்டுப் பயனில்லை, அப்பாவின் பிடிவாதம் ஊரறிந்தது. மூத்தவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் வேலை முடிந்து, முகம் வீங்கி, கேன்டீன் மூலையில் ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்தாள்.

"அதுல நோயாளிங்க விவரம் வச்சிருக்கேன் அக்கா. அதனால டிஸ்க் முழுக்கப் பூட்டணும்னு ஆஸ்பத்திரியில கண்டிப்பா சொல்லிட்டாங்க. வெறும் பாஸ்வேர்டு இல்ல, உள்ள இருக்கிறது எல்லாமே பூட்டு. அதைக் கழட்டி வேற பெட்டியில மாட்டினாக்கூட ஒரு எழுத்து படிக்க முடியாது."

"அடப்பாவி!" என்று மேசையைத் தட்டினாள் மூத்தவள். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. "முன்வாசல்ல மட்டும் பூட்டு இருக்கிற பெட்டி எல்லாம் பேசுது. முழுக்கப் பூட்டின பெட்டி ஒண்ணுதான் ஊமை. புரிஞ்சுபோச்சு!"

அவளுக்குப் புரிந்ததில் அதிசயமில்லை. அவள் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள். சில மாதங்களுக்கு முன்பு அங்கே ஒரு கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்துப்போனது. புது டிஸ்க் வரும்வரை பென்டிரைவிலிருந்தே அதை ஓட்டினார்கள். கம்ப்யூட்டரை எழுப்பி வேலை வாங்குகிற மென்பொருள் வழக்கமாக உள்ளே டிஸ்க்கில் குடியிருக்கும். அதையே ஒரு பென்டிரைவில் குடிவைத்துச் செருகினால், பெட்டி எழும்போதே குச்சியிலிருந்து எழும். அப்போது பழைய குடித்தனக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார். பாஸ்வேர்டு கேட்கிற காவல்காரன் அவருடைய ஆள்தானே, அவனும் சேர்ந்து தூங்குவான். குச்சியில் வந்த விருந்தாளி அலமாரியைக் குடைந்து பார்த்துவிட்டு, தடம் தெரியாமல் போய்விடலாம். ஞானத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்.

ஆனால் இதை அப்பாவிடம் விளக்கினால் கேட்பாரா? 'உனக்குப் பொறாமை' என்பார். அவர் கண்ணாலேயே பார்க்க வேண்டும். யோசித்து யோசித்து, மூத்தவள் அம்மாவின் தம்பியைத் தேடிப் போனாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர் அந்த மாமா.

"மாமா, உங்களைச் சாகடிக்கணும்."

"சரி. என்னைக்கு?" என்றார் மாமா, வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பு ஒரு பக்கம். அவ்வளவுதான் அவள் கேட்டது. அவரோ பழைய ஆல்பத்தையே இறக்கிவிட்டார்.

"இந்தப் போட்டோவைப் போடு."

"இதுல தலை நிறைய சுருள் முடி இருக்கே மாமா!" இப்போது மாமாவின் தலை வழவழவென்று கண்ணாடி போலிருக்கும்.

"சாகும்போதாவது முடியோட இருக்கேனே! 'பண்பாளர்'னு போடு. 'பரோபகாரி'யும் சேர்த்துக்கோ. பொய்தானே, தாராளமா எழுது."

மாமாவின் தலைக்கனம் அவ்வளவு உதவியாக இருக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த எவனும் நேரில் அவரை அடையாளம் காண முடியாது. மறுநாள் அப்பா நடைப்பயிற்சிக்குப் போன நேரம் பார்த்து, தானே தயாரித்த குச்சியை அவர் கம்ப்யூட்டரில் செருகினாள். பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. அறிவிப்பை, திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். பக்கத்தில் 'கவிதை' என்று ஒரு கோப்புறை இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. தொடாமல் மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே மெத்தைக் கடை மாடியில். நர்ஸும் வந்து ஓரமாக நின்றாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைப்பையில் போன் தயாராக இருந்தது. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மாமா, தலையில் விளக்கு வெளிச்சம் பளபளக்க, மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார்.

ஞானி திரைக்குப் பின்னாலிருந்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்! என்ன நடிப்பு!

"ஐயோ... இந்தப் பெட்டி அழுதுங்க. உங்க வீட்ல ஒரு சாவு."

"சாவா? எங்க வீட்லயா?" என்றார் அப்பா.

"உங்க மனைவியோட உடன்பிறந்தவர். பண்பாளர். பரோபகாரி. தலை நிறைய சுருள் முடி. போன வெள்ளிக்கிழமை மாரடைப்பு. அவர் ஆத்மா எங்கிட்ட கதறுது, இந்தக் கல்யாணம் வேண்டாம், வேண்டாம்னு."

கூட்டம் 'உச்' கொட்டியது. அப்பா மெதுவாகத் திரும்பி, பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையா?" என்றாள் அம்மா சத்தமாக. "அன்னைக்கு எங்க வீட்ல ரெண்டு தடவை சோறு போட்டுக்கிட்டானே!"

மாமா எழுந்தார். மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார். "ஐயா, அந்த ஆத்மா நான்தான். நான் அப்படிக் கதறவே இல்லையே! எனக்குக் கல்யாணச் சாப்பாடு வேணும்."

ஞானியின் தொழிலில் நாக்குதானே முதல்! "பெட்டி வரப்போறதையும் சொல்லும்" என்றார். "இது எச்சரிக்கை."

"வரப்போறது எப்படிங்க போன வெள்ளிக்கிழமை வரும்?" என்று கேட்டார் மாமா.

அதற்குள் மூத்தவள் மேடையேறிவிட்டாள். "அந்தச் செய்தி அப்பா பெட்டியில எப்படி வந்துச்சுன்னு நான் சொல்றேன். பாஸ்வேர்டு எனக்கும் தெரியாது. எல்லாரும் பாத்துக்குங்க." கைப்பையிலிருந்து தன் குச்சியை எடுத்து அப்பாவின் கம்ப்யூட்டரில் செருகினாள். மேடையில் ஞானி வைத்திருந்த பெரிய டிவியிலேயே அதை இணைத்தாள். பெட்டி எழுந்தது. பூட்டுத் திரை வரவில்லை. வேறொரு திரை வந்தது. இரண்டு தட்டு தட்டினாள். கறுப்புக் கரைக்குள் சுருள் முடியோடு மாமா சிரித்தார்.

"நல்லா இருக்கேன்ல?" என்றார் கீழே இருந்த மாமா.

"இந்தக் குச்சியை வீட்ல வாஷிங் மெஷின் ஓடி முடியறதுக்குள்ள தயார் பண்ணேன். நோன்பும் இல்ல, தவமும் இல்ல. ஐயாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கழுத்துல இருக்கிறதைக் கழட்டி வச்சிட்டு, ஒரே ஒரு பெட்டியைப் பேச வைங்க. அப்புறம் நானே உங்க கால்ல விழறேன்."

ஞானி கழற்றவில்லை. 'தியானத்துக்கு நேரமாச்சு' என்று திரைக்குப் பின்னால் போனார். திரைக்குப் பின்னால் ஒரு பின்வாசல் இருந்தது என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. டீச்சரம்மா தன் காப்புக்குச்சியின் அரக்கை அங்கேயே உடைத்தார். வெறும் பிளாஸ்டிக் கூடு.

அப்பா மேடைக்கு வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் 'கவிதை' கோப்புறை தெரிந்தது. மகளிடம் திரும்பினார். "அதைப் படிச்சியா?"

"இல்லப்பா. உங்களது. எப்படித் திறப்பேன்?"

"படிச்சிருக்கலாமே" என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பிறகு போனைச் சட்டைப்பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, ஓரமாக நின்ற நர்ஸிடம் போனார். "தப்பு பண்ணிட்டேன்மா. மனசுல வச்சுக்காதே. உன் பெட்டியில இருக்கிற மாதிரிப் பூட்டு என்னுதுக்கும் போட்டுக் குடுப்பியா?"

"போட்டுத் தரேன் அங்கிள்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. தம்பிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். மூத்தவளும் அப்படித்தான் நினைத்தாள். படியிறங்கப் பார்த்தால் வழி இல்லை. அவளுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது! மடியில் லேப்டாப்போடு, பெரிய பெட்டியோடு, எல்லாரும். முன்னால் நின்றவர் போர்வை அம்மாள்.

"அம்மா தாயே, நீங்கதான் உண்மையான ஞானி! எங்க பெட்டியைக் கொஞ்சம் பாருங்க. நீங்க எந்தக் கிழமை உட்காருவீங்க?"

மூத்தவள் தலையில் கைவைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, பூட்ட வேண்டிய கம்ப்யூட்டரைத் திறந்து போட்டிருக்கீங்க. திறக்க வேண்டிய மூளையை இந்தப் போர்வையால சுத்தி வச்சிருக்கீங்க. முதல்ல வீட்டுக்குப் போய் அதை அவிழ்த்துப் பாருங்க. அதுக்கு எந்தக் குச்சியும் வேண்டாம்!"