எதிர்க்கட்சி வாங்கிய கம்ப்ரசர்

வாசல் இரும்பு கேட்டின் துருவை இந்த ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே ஒழித்துக்கட்டுவது என்று எதிர்க்கட்சி சபதம் போட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் யார் எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்றே வாயைத் திறப்பதால், இன்சூரன்ஸ் ஆபீஸில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஃபேனைப் போட்டால் குளிருகிறது என்பார். நிறுத்தினால், மனுஷன் வேர்த்துச் சாகவா என்பார். வீட்டிலும் அதே கட்சி, அதே கொள்கை. பெண்டாட்டி கிழக்கு என்றால் ஐயா மேற்கு.

சபதத்துக்குக் காரணம் பின்கட்டு ரூம். அதைத் தன் பட்டறையாக்கிக்கொள்ள அவருக்குக் கொள்ளை ஆசை. ஸ்பேனர், சுத்தியல், ஓடாத மோட்டார் என்று ஏற்கெனவே கொண்டுபோய் அடைத்தாயிற்று. அவர் பெண்டாட்டியோ பழைய சோபாக்களுக்குப் புதுத் துணி போட்டுக் கொடுப்பவள். ஹாலில் காலை நீட்ட இடமில்லாமல் சோபாவாக நிற்கிறது. ரூம் கிடைக்காவிட்டால் புதிதாக வரும் வேலையைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதனால் ஒரு பந்தயம் வைத்தாள். இருட்டுவதற்குள் கேட்டைப் பளபளவென்று ஆக்கினால் ரூம் அவருக்கு, இல்லாவிட்டால் அவளுக்கு.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். காற்றில் சுழன்று துருவைத் தேய்க்கும் சாண்டர் ஒன்றை அவர் எடுத்தார். அதற்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் எது வாங்குவது என்றுதான் கேள்வி. சாண்டர் ஓடுகிற வரைக்கும் விடாமல் காற்றைக் குடிக்கும், பெரிய கம்ப்ரசர்தான் சரிப்படும் என்றார் கடைக்காரர். எதிர்க்கட்சியும் கிட்டத்தட்ட தலையாட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பெண்டாட்டி வாயைத் திறந்தாள்.

"அவர் சொல்றது சரிங்க. பெரிசாவே வாங்குங்க."

போதாதா?

"அதெப்படி? ரெண்டுலயும் பிரஷர் ஒண்ணுதான் எழுதியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

பிரஷரை மட்டும் பார்த்தால் போதாது சார், நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று தருகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் இழுத்தார். யார் காதில் விழுந்தது? சக்கரம் வைத்த சின்ன கம்ப்ரசரை உருட்டிக்கொண்டு எதிர்க்கட்சி வெளியே நடந்தார்.

ஞாயிறு காலை சாண்டர் வீறிட்டுக் கிளம்பியது. உள்ளங்கை அகலத்துக்குத் துரு போனதும் முனகியது. அப்புறம் படுத்துவிட்டது. கம்ப்ரசர் தடதடவென்று காற்றை நிரப்பும்வரை ஐயா இடுப்பில் கை வைத்து நின்றார். மறுபடி உள்ளங்கை அகலம். மறுபடி இடுப்பில் கை. எதிர்வீட்டு பஸ் டிரைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தே விட்டார்.

"என்ன சார், வேலையை விட ஓய்வு ஜாஸ்தியா இருக்கு. கவர்மென்ட் மிஷினா?"

மத்தியானம் கம்ப்ரசர் சூடேறி ஒரேயடியாக நின்றுபோனது. பெண்டாட்டி ஒரு கட்டு உப்புத்தாளோடு வந்து, கையாலேயே தேய்த்தால் இருட்டுவதற்குள் முடிந்துவிடுமே என்றாள். முடிந்திருக்கும். ஆனால் அவள் சொல்லி அவர் செய்வதா? மிஷின் ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இருட்டியபோது கேட்டில் இரண்டு கம்பி மட்டும் பளபளத்தது. அதற்காக ஆசாமி விட்டுக்கொடுப்பாரா? மிஷின் செய்த கோளாறுக்கு நான் பொறுப்பில்லை, பந்தயம் செல்லாது, ரூமைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. கம்ப்ரசரை ஹாலுக்கு உருட்டிப்போய், சாண்டரைக் கழற்றிவிட்டுத் சோபாத் துணிக்குப் பின் அடிக்க வாங்கி, காற்றில்லாமல் சும்மா கிடந்த தன் ஸ்டேப்ளர் கன்னை மாட்டினாள். டக், டக், டக். துணி மளமளவென்று சோபாவில் இறங்கியது. கம்ப்ரசர் எப்போதாவது ஒரு தடவை உறுமியதோடு சரி.

"இது ஒவ்வொரு தட்டுக்கும் துளிக் காத்துதான் எடுக்கும். இதுக்குச் சின்னதே போதும். பெரிசை யாரு ரூமுக்கு ரூம் இழுக்கறது?"

"அப்புறம் ஏன் கடையில பெரிசு வாங்கச் சொன்னே?"

"சின்னது வாங்கச் சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

எதிர்க்கட்சிக்குச் சுருக்கென்றது. உப்புத்தாளும் அந்தக் கணக்கில்தானா? கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தானா? அவமானத்தில் காதெல்லாம் சுட்டது. இந்தக் கொட்டத்தை இன்றே அடக்கியாக வேண்டும். ஒரு வழி தோன்றியது. நெஞ்சை நிமிர்த்தினார்.

"உன் வித்தை இனிமே எங்கிட்ட பலிக்காது. இந்த நிமிஷத்துலேர்ந்து நீ எதைச் சொன்னாலும் அப்படியே செய்வேன். அப்போ என்ன பண்ணுவே?"

அவள் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்படியாங்க? சரி, பின்கட்டு ரூமைக் காலி பண்ணிக் குடுங்க."