ஊறுகாய் ஜாடியில் நாற்பது மரவட்டை

தெரிந்ததை யாரும் கேட்காமலே சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கல்லூரியில் விலங்கியல் படித்தபோது அது முற்றிப்போயிருந்தது. முதுகெலும்பில்லாத பிராணிகள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு. (உனக்கும்தான் முதுகெலும்பு இல்லை என்பாள் அக்கா.)

ஐப்பசி மழையில் வீட்டுச் சுவரெல்லாம் மரவட்டை ஏறும். செய்முறை வகுப்புக்காக நாற்பதைப் பிடித்து, ஈரமண்ணும் மக்கிய இலையும் போட்டு ஒரு பீங்கான் ஜாடியில் வைத்தேன். மூச்சுவிட வேண்டுமே என்று அதன் வாயைத் துணியால் கட்டினேன். கதகதப்பாக இருக்கட்டும் என்று அடுப்பங்கரை மூலையில் வைத்தது என் சொந்த மூளை.

பீங்கானுக்குப் பேர்போன எங்கள் விருத்தாசலத்தில் ஜாடிக்கா பஞ்சம்? வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஒரு ஜாடி ஊறுகாயைத் துணி கட்டிக் கொடுத்தனுப்புவது அம்மாவின் வழக்கம். அன்று அக்காவைப் பெண் பார்க்கத் திட்டக்குடியிலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அக்கா பயந்துபோயிருந்தாள். நல்லவேளை, அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து சேதி சொல்வதாகக் கிளம்பினார்கள்.

"டேய், அடுப்பங்கர மூலையில ஜாடி இருக்குது. எடுத்துக்கிட்டுப் போயி அவங்கள பஸ் ஏத்திவுட்டுட்டு வா" என்றார் அம்மா.

எடுத்துக்கொண்டு போனேன். மூலையில் இரண்டு ஜாடி இருந்ததைக் கவனித்தால் நான் எப்படி விஞ்ஞானி?

பஸ் வரத் தாமதமானது. "உப்பு கரெக்டா இருக்குதான்னு பாப்பம்" என்று மாப்பிள்ளையின் அம்மா துணியை அவிழ்த்து விரலை விட்டார்.

"மாதாவே! பூரான்!"

ஜாடி விழுந்து உடைந்தது. மரவட்டைகள் சட்டென்று சுருண்டுகொண்டன. எனக்கும் அப்படிச் சுருளத் தெரிந்திருக்கலாம். அவமானத்தில் காது சுட்டது. அக்காவை நினைத்தபோது அழுகையே வந்தது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ பாடம் எடுத்தேன்.

"பயப்படாதீங்க அத்தை, பூரான் இல்லீங்க, மரவட்டை. பூரானுக்கு ஒடம்புல ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடிக் காலு. இதுக்கு ரெண்டு ஜோடி."

"அத விட இதுக்குக் காலு ஜாஸ்திங்கறியா?"

"ஆனா கடிக்காதுங்க. மக்குன எலைதான் திங்கும். சுத்த சைவம்."

மாப்பிள்ளை அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். அவர் அம்மா சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணும் இதேதான் படிச்சிருக்குதா?"

"இல்லீங்க அத்தை, அக்கா பி.காம்."

"அப்பச் சரி" என்று பஸ் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை சம்மதம் வந்தது. அதுவரை வீட்டில் யாரும் என் முகத்தில் விழிக்கவில்லை.

இன்றும் அக்காவின் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தால், திரும்பும்போது அம்மா ஜாடியை நீட்டுவார். அவர் வாங்கமாட்டார். எல்லாரும் காத்திருக்க என்னைக் கூப்பிட்டு, "மொதல்ல நீ வெரல வுடு தம்பி" என்பார். நான் விட்டு, நக்கிக் காட்டி, "உப்பு கரெக்டா இருக்குதுங்க அத்தை" என்ற பிறகுதான் ஜாடி திட்டக்குடி பஸ் ஏறும்.