ஒயில்குளோத் ஐயாவும் என் இறாக்கையும்

அந்த நாளைய கொழும்பு வெள்ளவத்தையில் ஒயில்குளோத் ஐயாவைப்போல் பெண்களிடம் பேச்சு வாங்கிய ஆம்பிளை வேறொருவர் இருந்திருக்க முடியாது. அதில் பாதி நான் பேசியது. அவ்வளவும் நியாயமான பேச்சு.

கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்னறையில் அவர், தனி ஆள், துறைமுகத்தில் கிளாக்கராய் இருந்து பென்சன் எடுத்தவர். சாமான் அறை எல்லோருக்கும் பொது. அங்கே சுவரோடு நின்ற பலகை இறாக்கையில் வீட்டுக்கொரு தட்டு. பழைய பேப்பரை விரித்துப் போத்தல்களை அடுக்குவோம். அது அவருடைய கண்ணை உறுத்தும். கரப்பானுக்கு நாங்கள் பாய் விரிக்கிறோமாம்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள், மனிதர் புறக்கோட்டையில் வாங்கிவந்த ஒயில்குளோத்தை, அதுதான் அந்த எண்ணெய் பூசிய மினுமினுப்புத் துணியை, எல்லாத் தட்டிலும் அளவாக வெட்டி விரித்து ஆணியும் அடித்துவிட்டார். நீலக் கட்டம். என் மிளகாய்த்தூள் பேணி பின்னுக்குப் போய்விட்டது. கேட்காமல் ஓர் ஆம்பிளை என் சாமான்களில் கை வைத்திருக்கிறார், என் கணவரோ பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு இருக்கிறார்.

அதோடு விட்டாரா? யார் எதை வைத்தாலும் ஈரத்துணியோடு பின்னால் வந்து நிற்பார். அடுப்பால் இறக்கிய சட்டியை நேரே வைத்தால், பெற்ற பிள்ளைக்குச் சூடு போட்டதுபோல் முகம் சுண்டிப்போகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, என் கணவரின் தாய், வந்தபோதுதான் வெடித்தது. ஊறுகாய்ப் போத்தலின் அடியைத் துடைத்துவிட்டு வைக்கும்படி மாமியிடமே சொல்லிவிட்டார். மாமி அன்றைக்கே ரயில் ஏறப்போவதாகப் பெட்டியைக் கட்டினா. நான் போய் ஒயில்குளோத்தை ஆணியோடு பிய்த்தெடுத்து, கிழிந்ததை அவருடைய வாசலில் போட்டேன்.

"இனி என்ர தட்டில நீங்கள் கை வைக்கப்படாது."

"சரி பிள்ளை" என்றார்.

அந்தச் 'சரி'தான் என்னை இன்னும் எரித்தது. மற்றத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு வருவார். என் தட்டு வந்ததும் கையை எடுத்துவிடுவார். என் சீனியில் எறும்பு. மற்றவர்கள் சீனியில் ஒன்றுகூட இல்லை. அந்த மனுசனிடம் கேட்டு எங்களுக்கும் ஒயில்குளோத் போடச் சொல் என்று, கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டுத் தங்கிய மாமியே காதுக்குள் சொன்னா. செத்தாலும் கேட்கமாட்டேன் என்றேன்.

பிறகு யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். எல்லோரும் ஊருக்கு ஓடினோம், அவர் போகவில்லை. சில மாதம் கழித்துத் திரும்பி வந்தால், என் தட்டில் ஒயில்குளோத். நீலக் கட்டமில்லை, பச்சைப் பூ. சண்டைக் காலத்தில் எந்தக் கடையிலும் கிடையாத சாமான். என் சொல்லை மதிக்கவில்லையே என்ற ஆத்திரத்தோடு அவருடைய அறைக்குப் போனேன்.

பாண் தின்றுகொண்டிருந்தார். மேசையில் எப்போதும் கிடக்கும் பச்சைப் பூ விரிப்பைக் காணோம். வெறும் பலகை.

"ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"இதில நான் ஒருத்தன்தானே சாப்பிடுறன்" என்றார். "அங்க ஒரு குடும்பத்தின்ர சாப்பாடெல்லோ இருக்கு."

எனக்குக் கோபம் ஆறவில்லை. கூப்பனுக்கு அளந்துதான் அரிசி கிடைத்த காலம் வேறு. ஆனாலும் அன்று தொடக்கம் அவருக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தேன்.