மணிக்கு நாலாயிரம் கன அடி

சனிக்கிழமை காலையில் நம்மவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சின்ன அறையில் அவர் மனைவி வரிசையாகப் பதினோரு தும்மல் போட்டாள். அதற்கெல்லாம் அவர் பதறவில்லை. பதினொன்றாவது முடிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள், அதில்தான் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"ஏங்க, இந்த ரூமுக்கு ஒரு ஏர் ப்யூரிஃபையர் வாங்கினா என்ன? எதுக்கும் அத்தானை ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா?"

அத்தான் என்றால் அவளுடைய அக்கா புருஷன். நம்மவருக்குச் சகலை. லிஃப்ட் மெக்கானிக். நம்மவர் பார்சல் ஆபீசில் அளவு பார்க்கிற வேலை செய்கிறவர். பெட்டியைப் பார்த்தவுடனே நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி விடை சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு வீட்டில் மரியாதை கிடையாது. வீட்டில் மரியாதை எல்லாம் அத்தானுக்குத்தான்.

ஒன்பது வருஷமாக இதே கதை. குழாய் ஒழுகினால், "அத்தான் வீட்டுல அத்தானே வாஷர் மாத்திட்டாராம்." ஃபேன் தூசி படிந்தால், "அத்தான் மாசாமாசம் ஃபேன் துடைச்சுடுவாராம்." அந்த 'அத்தா'வில் அவள் ஒரு நீட்டு நீட்டுவாள். நம்மவரைக் கூப்பிடுவது ஒரு 'ஏங்க'. அதில் நீட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இதற்குப் பெயர் பொறாமை என்று அவருக்குத் தெரியும். வெளியே சொல்லத்தான் வெட்கம். வயிற்றெரிச்சல் என்று டாக்டரிடம் சொல்லிப் பார்த்தார். அவர் காரத்தைக் குறைக்கச் சொன்னார்.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். 'அத்தான் செஞ்சதைவிட நீங்க செஞ்சது நல்லா இருக்கு' என்று ஒரே ஒரு தடவை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் நிம்மதியாகத் தலை சாய்ப்பார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"யாரையும் கேக்க வேண்டாம். நானே பார்த்து வாங்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? அத்தான்னா மெஷினோடவே இருக்கறவரு."

"அவரு மெஷின் மேலயும் கீழயும் போற மெஷின். இது காத்து. காத்துன்னா கொள்ளளவு. கொள்ளளவுன்னா அது என் தொழில்."

"சரிங்க," என்றாள். அவள் சரி என்று சொன்ன வேகத்தைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம். எங்கே, அவர்தான் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தாரே.

சின்ன அறை என்றால் நிஜமாகவே சின்ன அறை. அதில்தான் அவள் ஜன்னல் திரையும் தலையணை உறையும் தைத்துக் கொடுக்கிறாள். ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டும் மேஜை, ஒரு பீரோ, மீதி இடமெல்லாம் பஞ்சுப் பிசிறு. ஜன்னலைத் திறந்தால் தெருத் தூசி வந்து பிசிறோடு சேர்ந்துகொள்ளும். பத்தடிக்கு எட்டடி, உயரம் ஒன்பது. எழுநூற்று இருபது கன அடி என்று தாளில் எழுதினார். பிறகு மேஜையை அளந்தார். பீரோவை அளந்தார். கடைசியில் அவள் முதுகுக்குப் பின்னால் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன பண்றீங்க?"

"காத்து இருக்கற இடத்தை மட்டும் கணக்குல எடுக்கணும். சாமான் அடைச்ச இடத்தைக் கழிக்கணும்."

"நான் சாமானா?"

"நீயும் இடத்தை அடைக்கற இல்ல? கொஞ்சம் நேரா உக்காரு."

"ஏங்க, ஊரெல்லாம் நான் அளவு எடுக்கறேன், என்னையே அளவு எடுக்க ஒரு ஆளா? எடுத்துட்டு எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?"

"உள்ளே உடையும் சாமான்னு எழுதி ஒட்டிடறேன்."

"ஒட்டுங்க. அத்தான்கூட அக்காவைச் சாமான்னு சொன்னதில்லை."

அதோடு டேப் சுருண்டது. கழிக்காமலே எழுநூற்று இருபது என்று வைத்துக்கொண்டு நம்மவர் கிளம்பிவிட்டார்.

கடையில் ஏர் ப்யூரிஃபையர் பக்கம் நின்றிருந்த பெண்ணுக்குப் பொறுமை அதிகம். முதலில் ஃபிளாஸ்க் அளவில் ஒன்றைக் காட்டினாள். நீல விளக்கு எரிந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது.

"இது ரூமுக்குப் போதுமாம்மா?"

"கார்ல வைக்கறதுக்கு, சார். ரூம்ல வெச்சா விளக்கு மட்டும்தான் எரியும்."

அடுத்து ஒன்று அவர் இடுப்பு உயரம் இருந்தது. அதை அந்த அறையில் வைத்தால் மனைவி ஹாலில் உட்கார்ந்துதான் தைக்க வேண்டும். மூன்றாவது, கைக்கு அடக்கமாக, தலையணையை நிறுத்தி வைத்த உயரத்தில் ஒரு வெள்ளை மெஷின். பெண் விளக்கினாள்: உள்ளே இருக்கிற ஃபில்டர் நல்ல ஃபில்டராக இருக்க வேண்டும்; அது அழுக்கானால் மாற்று ஃபில்டர் சுலபமாகக் கிடைக்க வேண்டும்; சத்தம் குறைவாக இருக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலே, அறையில் உள்ள காற்று முழுவதையும் மணிக்கு ஒரு ஐந்து தடவையாவது அது இழுத்து விட வேண்டும்.

"எழுநூத்தி இருபது இன்ட்டு அஞ்சு, மூவாயிரத்தி அறுநூறு," என்றார் நம்மவர், அவள் கால்குலேட்டரை எடுப்பதற்கு முன்னால்.

"சரியாச் சொல்லிட்டீங்க சார். இது மணிக்கு மூவாயிரத்தி அறுநூறு கன அடிதான்."

ஒன்பது வருஷத்தில் ஒரு பெண் அவர் கணக்கை மெச்சியது அன்றுதான். வாங்கிவிடலாம் என்று வாயெடுத்தவர், அடுத்த வரிசையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் ஒரு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குனிந்துவிட்டார். சகலையின் குரல்.

போச்சு, இவளே போன் போட்டு வரவழைத்துவிட்டாள் என்று நினைத்தார். அப்புறம்தான் சகலை பேசுவது காதில் விழுந்தது.

"நல்லதா காட்டுங்க தம்பி. எங்க வீட்டுச் சின்ன ரூம் ரோட்டைப் பார்த்த ரூம், ஒரே புகை. நான் எதை வாங்கினாலும் என் வீட்டுக்காரி, 'என் தங்கச்சி புருஷன்னா அளந்து பார்த்துப் பிரமாதமா வாங்கிடுவாரு'ம்பா. அந்த ஆளைவிட நல்லதா வாங்கணும். அவ்வளவுதான் எனக்கு."

நம்மவர் குனிந்தபடியே இருந்தார். முதலில் வந்தது சந்தோஷம். அக்கா என்னைப் புகழ்கிறார்களா? பிரமாதம் என்றா சொன்னார்கள்? சந்தோஷம் மெல்ல வடிந்தது. அதன் அடியில் ஏதோ தட்டுப்பட்டது. எழுந்து, சகலை முன்னால் போய் நின்றார்.

"சகலை, ஒரு டீ குடிக்கலாம் வாங்க."

கடை வாசலிலேயே டீ மெஷின் இருந்தது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள்.

"போன மாசம் சீலிங் ஃபேன் துடைச்சீங்களா?" என்று நம்மவர் ஆரம்பித்தார்.

"துடைச்சேன். நீங்க துடைச்சீங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா."

"நான் துடைச்சதே நீங்க துடைச்சீங்கன்னு சொல்லித்தான்."

சகலை டீயைக் கீழே வைத்தார். "குழாய் வாஷர்?"

"நீங்க மாத்தினீங்க. அப்புறம் நான் மாத்தினேன்."

"நான் மாத்தினது நீங்க மாத்தினதுக்கு அப்புறம் இல்லையா?"

"பாத்ரூம் கதவுக்குப் பெயின்ட்?"

"ரெண்டு கோட் அடிச்சேன். நீங்க ரெண்டு கோட் அடிச்சீங்களாமே."

"நான் மூணு அடிச்சேன் சகலை. நீங்க ரெண்டு அடிச்சீங்கன்னு சொன்னதால."

சகலையின் முகம் வெளுத்துப்போனது. ஆறு மாடி லிஃப்ட் நடுவில் நின்றபோதுகூட அவர் முகம் அப்படி ஆனதில்லையாம், பிற்பாடு சொன்னார்.

"அப்படின்னா ஒன்பது வருஷமா நான் உங்க மேல வயித்தெரிச்சல் பட்டது?"

"வீண். நானும் உங்க மேல பட்டது வீண். அக்காவும் தங்கச்சியும் போன்ல பேசிப் பேசியே ரெண்டு வீட்டையும் நம்மளை வெச்சு நடத்தியிருக்காங்க."

அங்கேயே ஒப்பந்தம் ஆனது. ஒரு மாசத்துக்கு இரண்டு பேரும் எதுவும் வாங்குவதில்லை. எதையும் துடைப்பதில்லை. வீட்டில் யார் எதைச் சொன்னாலும் நம்புவதில்லை. கை குலுக்கினார்கள். சகலை நல்ல மனுஷன் என்றுகூட நம்மவருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவர் சின்ன அறை வாசலில் நிமிர்ந்து நின்றார்.

"தலகாணி உசரத்துல ஒரு வெள்ளை மெஷின் பார்த்தேன், மணிக்கு மூவாயிரத்தி அறுநூறு கன அடி. ஆனா வாங்கலை. உங்க வண்டவாளம் எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. கடையில உங்க அத்தானைப் பார்த்தேன். உங்க அக்கா என் பேரைச் சொல்லி அவரை வேலை வாங்கறாங்க. நீ அவர் பேரைச் சொல்லி என்னை வாங்கற. இனிமே இது நடக்காது."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடித்தாள்.

"சரிங்க," என்றாள்.

"மறுத்துப் பேச மாட்டியா?"

"உண்மையை எப்படிங்க மறுக்கறது?"

ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்தவருக்கு அன்று முழுக்க என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவள் அவ்வப்போது தும்மினாள். பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அவள் போனில் அக்காவோடு பேசி முடித்துவிட்டு வந்தாள்.

"அத்தான் நேத்து சாயங்காலமே மெஷின் வாங்கிட்டாராம்."

நம்மவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். "அடி சக்கை. நேத்துதானே எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னேன்? மறுபடியும் அதே பாட்டா?"

"நம்ப வேண்டாம்ங்க. அவங்க வீட்டுல நடந்ததைச் சொன்னேன். வெள்ளைக் கலராம். தலகாணி உசரம்தானாம். சத்தமே இல்லையாம்." உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "மணிக்கு நாலாயிரம் கன அடியாம்."

பேப்பர் இறங்கியது.

"நாலாயிரமா?"

"அப்படித்தான் அக்கா சொன்னா. எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்?"

பொய் என்று அவருக்குத் தெரியும். நூற்றுக்கு நூறு பொய். ஆனால் நாலாயிரம் என்கிற எண் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. தான் பார்த்தது மூவாயிரத்து அறுநூறு. நானூறு அதிகம். அந்த மனுஷனுக்குப் பெருக்கவே வராதே. கை குலுக்கிவிட்டு, நான் பஸ் ஏறினதும் திரும்பிக் கடைக்குள்ளே போயிருப்பானோ? போகக்கூடிய ஆள்தான். நேற்று நல்ல மனுஷன் என்று நினைத்ததை மனசுக்குள் வாபஸ் வாங்கினார்.

பால்கனிக்குப் போய் சகலைக்குப் போன் போட்டார். எங்கேஜ்ட். மறுபடியும் போட்டார். எங்கேஜ்ட். ஐந்து தடவை எங்கேஜ்ட். தப்பு செய்தவன்தானே போனை எடுக்க மாட்டான். அந்தப் பக்கம் சகலையும் இதே நேரத்தில் இவருக்குத்தான் ஐந்து தடவை போட்டுக்கொண்டிருந்தார் என்பது இவருக்கு எப்படித் தெரியும்?

"கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்," என்று செருப்பை மாட்டினார்.

"பைசா எடுத்துக்கிட்டீங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். ஒன்பதே முக்காலுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, மூடிய ஷட்டருக்கு முன்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். சகலை.

"என்ன சகலை, இந்தப் பக்கம்?"

"சும்மா நடக்கலாம்னு. நீங்க?"

"நானும் நடக்கத்தான்."

இரண்டு பேரும் நடக்காமல் நின்றார்கள்.

"நேத்து சாயங்காலம் வாங்கிட்டீங்களாமே," என்றார் சகலை.

"நீங்கதான் வாங்கிட்டீங்களாம். மணிக்கு நாலாயிரமாம்."

"எனக்கு நாலாயிரத்தி இருநூறுன்னு சொன்னா."

இப்போதுகூட ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. விஷயம் வெட்டவெளிச்சம். சிரித்துவிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நம்மவருக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் நான் போனபிறகு இந்த ஆள் மட்டும் இங்கேயே நின்றுவிட்டால்? சகலைக்கும் அதே சந்தேகம்.

"அப்ப கிளம்பலாமா?" என்றார் நம்மவர்.

"நீங்க முன்னால போங்க."

"இல்ல, நீங்க பெரியவரு. நீங்க போங்க."

ஷட்டர் உயர்ந்தது. பாதி ஏறும்போதே இரண்டு பேரும் குனிந்து உள்ளே போய்விட்டார்கள். நேற்றுப் பார்த்த அதே பெண் அதே வெள்ளை மெஷினை ஒரே அடுக்கிலிருந்து இரண்டு பெட்டியாக எடுத்து வைத்தாள். எந்தப் பெட்டி யாருக்கு என்பதில் ஐந்து நிமிஷம் போனது. பில் போடும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி மெஷினை வைத்து, ஜன்னலைச் சாத்தி, ஸ்விட்சைப் போட்டார். அது முனகாமல் ஓடியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரைக்கு ஓரம் அடித்தாள். அவர் கதவோரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் ஒரு தும்மல் இல்லை. அவள் நிமிர்ந்து மெஷினைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அத்தான் வாங்கினதைவிட இது நல்லா இருக்குங்க."

ஒன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. இரண்டும் ஒரே அடுக்கில் இருந்த ஒரே மெஷின் என்று அவருக்குத் தெரியும். இதே நேரத்தில் அந்த வீட்டில் அக்காவும் சகலையிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்திருந்தும் காது குளிர்ந்துபோனது.

"சும்மா சொல்லாத," என்றார். இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று இருந்தது.

"நிஜமாத்தாங்க. அத்தானுக்கு இவ்வளவு பார்த்து வாங்கத் தெரியாது." நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "என்ன, அவரு இப்ப பரண் மேல ஏறிட்டாராம். அஞ்சு வருஷத்துச் சாமான் எல்லாத்தையும் ஒழிச்சு அடுக்கறாராம்."

நம்மவர் பெரிதாகச் சிரித்தார். இந்த வித்தையெல்லாம் இனிமேல் என்னிடம் பலிக்காது என்று ஓங்கிச் சொல்லிவிடுவதற்காகத்தான் வாயைத் திறந்தார்.

"ஏணி எங்க இருக்கு?"