அக்கரையார் இருக்கை

ஆறு என்று ஒன்று இருந்தால் அதற்குக் கரை இரண்டு இருக்கும். வண்டல்நாட்டில் இதை யாரும் மறுத்ததில்லை. மறுகரையில் வாழ்ந்தவர்களை வண்டல்நாட்டார் அக்கரையார் என்று அழைத்தார்கள். அவர்களும் தங்கள் மொழியில் வண்டல்நாட்டாரை அக்கரையார் என்றே அழைத்தார்கள். இதனால் ஒரு குழப்பமும் நேர்ந்ததில்லை.

ஆற்றின் குறுக்கே பழைய அணை ஒன்று இருந்தது. அதன் நடுமேடையில் இரண்டு இரும்புச் சக்கரங்கள். ஒன்றைச் சுற்றினால் இந்தப் பக்கத்துப் பலகைகள் மேலேறும், மற்றதைச் சுற்றினால் அந்தப் பக்கத்துப் பலகைகள். பெருமழைக்கு முன் இரண்டையும் ஒரே நாளில் சுற்றியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் வெள்ளம் அந்தப் பக்கத்துக் கரையை அறுத்துக்கொண்டு போகும். இரண்டும் மூடியிருந்தால் இரு கரை வயல்களும் மூழ்கும்.

இந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குக் காவலர் பூவராகன். அந்தப் பக்கத்துக்குச் செம்போத்தன். பதினெட்டு ஆண்டுகளாக, எந்த நாளில் திறப்பது என்று இருவரும் ஆவணி மாதம் முழுக்கச் சண்டை போடுவார்கள். செம்போத்தன் மலைமேல் மேகத்தைப் பார்த்துச் சீக்கிரம் திறக்கச் சொல்வார், பூவராகன் வயலில் கதிரைப் பார்த்து இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் நிற்கட்டும் என்பார். கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் அமையும். பூவராகனுக்கு அக்கரை மொழி வந்ததே இப்படித்தான். வசவுகள் முதலில் வந்தன, மற்ற சொற்கள் பிறகு வந்தன.

யாரைச் சந்தித்தாலும் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்த்து நலம் விசாரிப்பது அக்கரையாரின் வழக்கம். ஒருமுறை மன்னர் கீர்த்திவளவர் அணையைப் பார்வையிட வந்தபோது அக்கரைப் பெரியவர் ஒருவர் அவருடைய கையையும் பிடித்துவிட்டார். நாடி படபடக்கிறதே, தூக்கம் வருவதில்லையா என்று பரிவோடு கேட்டார். மன்னருக்குத் தூக்கம் வருவதில்லை என்பது அரசு ரகசியம்.

அடுத்த வாரமே பரஸ்பர மரியாதைச் சட்டம் வந்தது. இரு கரை மக்களும் இனி ஆறு முழம் தள்ளி நின்றுதான் ஒருவரையொருவர் மதிக்க வேண்டும். அணைமேல் இருந்த நடைபாதையின் அகலமோ இரண்டு முழம். மதிப்பதற்கு அங்கே இடம் போதாததால், அவமரியாதை நேர்ந்துவிடாதிருக்கப் பாதை பூட்டப்பட்டது. சாவி பூவராகனிடமே இருந்தது. அதைத் திரும்பக் கேட்க வேண்டிய துறை எது என்று கடைசிவரை முடிவாகவில்லை.

பாதை பூட்டியதும் நாள் குறிக்க வழியில்லாமல் போயிற்று. குடியானவர்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். மன்னர் மனமிரங்கி உரையாடல் துறை என்ற ஒன்றை ஏற்படுத்தினார். அதற்குப் பளிங்கில் ஒரு மண்டபம் எழும்பியது. எதிரெதிராக இரண்டு இருக்கைகள் போடப்பட்டன. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் எதிர் இருக்கையில் உட்கார ஆள் இல்லை என்பது தெரியவந்தது. துறைச் செயலர் விசயகண்டர் பூவராகனை அழைத்துவரச் சொன்னார்.

"உரையாடலுக்கு இரண்டு தரப்புகள் தேவை என்கிறது விதி. இரண்டாம் தரப்பு வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை" என்றார் செயலர். "அக்கரை மொழி தெரிந்தவர் நீர். இன்று முதல் நீரே அக்கரையார்."

பூவராகன் ஒத்துக்கொண்டார். அந்த மக்களைத் தெரியாத எவனோ உட்கார்வதைவிடத் தெரிந்த நாம் உட்கார்வது மேல் என்று அவருக்குத் தோன்றியது. அக்கரையார் போர்த்தும் கருங்கம்பளியை அவர்மேல் போர்த்தினார்கள். வண்டல்நாட்டு வெயிலில் அது அடுப்பைக் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

முதல் உரையாடலில் அவர் நேர்மையாகவே பேசினார். மலையில் மேகம் இந்த ஆண்டு முந்திக்கொண்டது, ஆவணிக் கடைசியிலேயே திறக்க வேண்டும் என்று அக்கரையார் சார்பில் எடுத்துச் சொன்னார். செயலர் அவரைத் தூணோரம் அழைத்துப் போனார். அக்கரையார் பிடிவாதக்காரர்கள் என்று அவையினர் நினைத்துவிட்டால் அது அவர்களுக்கல்லவா இழுக்கு, அவர்களுடைய மரியாதையைக் காப்பாற்றுவது உம் கையில்தான் இருக்கிறது என்றார். பூவராகன் திரும்பி வந்து உட்கார்ந்தார். மன்னரின் பிறந்தநாளான ஐப்பசி பத்தில் இரு பக்கமும் திறப்பது என்று ஒப்பந்தமானது. அக்கரையாருக்காகப் பூவராகன் கையெழுத்திட்டார். அவையினர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

புரட்டாசி இருபதில் வெள்ளம் வந்துவிட்டது. பலகைகள் மூடியே கிடந்தன. கரையோரத்து ஊர்கள் பதினொன்று நீரில் நின்றன. பூவராகனுடைய அக்கா கணவர், தொழுவத்தில் மாட்டை அவிழ்த்துவிடப் போனவர், திரும்பவில்லை.

விசாரணைக்குழு அமைந்தது. மலையிலிருந்து தண்ணீரை முன்கூட்டியே அனுப்பி அக்கரையார் ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று அது கண்டறிந்தது. அவர்களுடைய கையெழுத்தே அதற்குச் சான்று. ஊர்தோறும் அக்கரையாரைச் சபித்துக் கூட்டங்கள் நடந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபின் அக்கா பூவராகனைப் பார்த்துக் கேட்டாள்.

"கையெழுத்து போட்டது நீ. பேச்சு மாறினது அவங்கன்னு சொல்றாங்க. அது எப்படி தம்பி?"

 

மறு ஆண்டு ஆவணியில் இரண்டாம் உரையாடல் தொடங்கியது. மன்னர் முன்னிலையில் செயலர் வரவேற்புரையில் பாதி தாண்டியிருந்தபோது மண்டப வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். பரிசலில் ஆற்றைக் கடந்து வந்தவர்கள். முழங்கால்வரை சேறு. முன்னால் நின்றவள் நெடுவி என்ற நடுவயதுப் பெண். அவள் தன் மொழியில் ஏதோ சொன்னாள்.

"யார் இவர்கள்?" என்றார் செயலர்.

"அக்கரையாருங்க" என்றார் பூவராகன். "நாள் குறிக்க வந்திருக்காங்க."

செயலர் இருக்கைகளைப் பார்த்தார், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "அக்கரையார் ஏற்கெனவே வந்து அமர்ந்துவிட்டார்கள். ஒரே தரப்பு இரண்டு முறை வர இயலாது. இவர்கள் விரும்பினால் பார்வையாளர் வரிசையில் உட்காரலாம். இடம் இருந்தால்."

பூவராகன் எழுந்தார். கம்பளியைக் கழற்றி இருக்கையின்மேல் வைத்துவிட்டு, நேரே நெடுவியிடம் போய்க் கையை நீட்டினார். அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். சட்டப்படி அது ஆறு மாதத் தண்டனைக்குரிய குற்றம். நாலைந்து பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அவள் பேசப் பேசப் பூவராகனின் முகம் மாறியது. என்ன சொல்கிறாள் என்று மன்னர் கேட்டார்.

"அவங்க பக்கத்துலயும் இதே மாதிரி ஒரு மண்டபம் இருக்காம்" என்றார் பூவராகன். "அதுல நமக்குன்னு ஒரு இருக்கை. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுச் செம்போத்தன் உட்கார்ந்திருக்கானாம். போன வருசம் அவனும் எல்லாத்துக்கும் சரின்னு கையெழுத்து போட்டிருக்கான். அவங்க தலைவரோட கல்யாண நாள்ல திறக்கிறதுன்னு. அங்க பதினாலு ஊர் போயிருக்கு. நாமதான் ஏமாத்திட்டோம்னு அங்க பேசிக்கிறாங்க."

 செயலர்தான் முதலில் தெளிந்தார். அக்கரையிலும் இதே முறை இருப்பது நம் முறை உலகத்தரம் வாய்ந்தது என்பதைக் காட்டுகிறது என்று சொல்லி வரவேற்புரையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, போன ஆண்டு ஒப்பந்தமே இந்த ஆண்டும் செல்லும் என்று முடித்தார். மூவரையும் காவலர்கள் பரிசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். அதற்குள் பூவராகன் நெடுவியிடம் அவள் மொழியில், மறுநாள் காலை செம்போத்தனை அணைக்கு அழைத்துவரச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை பூவராகன் பூட்டைத் திறந்து அணைமேல் நடந்தார். எதிரே நெடுவியோடு செம்போத்தன் வந்துகொண்டிருந்தார். இரண்டு ஆண்டில் மெலிந்துபோயிருந்தார். இருவரும் நடுமேடையில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சண்டையைத் தொடங்கினார்கள்.

"உன் மலையில மேகம் இறங்கிடுச்சு. இன்னைக்கே திறந்துடலாம்" என்றார் பூவராகன்.

"உங்க கதிர் பால் பிடிக்க இன்னும் எட்டு நாள் தண்ணி வேணுமே. அதுக்குள்ள எப்படித் திறக்கிறது?" என்றார் செம்போத்தன்.

இரண்டு பேரும் அவரவர் எதிராளியின் கட்சியை விடாப்பிடியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நெடுவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இருவருக்கும் அப்புறம்தான் அது உறைத்தது. பூவராகன் வேறு பக்கம் திரும்பி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கணவரைப் பற்றிச் சொன்னார். செம்போத்தனும் தன் வீட்டில் போனவர்களின் பெயரைச் சொன்னார், இரண்டு பெயர்கள். அன்றிலிருந்து நான்காம் நாள் திறப்பது என்று முடிவாயிற்று. யாரும் கையெழுத்து போடவில்லை.

நான்காம் நாள் இருவரும் ஒன்றாக நின்று சக்கரங்களைச் சுற்றினார்கள். பலகைகள் முனகிக்கொண்டு மேலேறின. அடுத்த வாரம் வந்த வெள்ளம் இரண்டு கரைக்கும் நடுவே, வேலையுள்ள ஆளைப்போல, திரும்பிப் பாராமல் போயிற்று. அந்த ஆண்டு அக்கா வயலில் கதிர் நன்றாகவே முற்றியது.

ஊர்கள் மூழ்காததை ஆராய மீண்டும் ஒரு குழு அமைந்தது. ஒப்பந்தத்தின் மாண்பே நாட்டைக் காத்தது என்று அது முடிவு சொன்னது. ஒப்பந்த நாளுக்கு முன்பே அணையைத் திறந்த குற்றத்துக்காகப் பூவராகன் ஆற்றுக்கு அப்பால் நாடு கடத்தப்பட்டார். செம்போத்தனை அவருடைய அரசு இந்தப் பக்கம் நாடு கடத்தியது. நடுமேடையில் இருவரும் எதிர்ப்பட்டபோது காவலர்கள் ஆறு முழம் விலக்கி நடத்திப் போனார்கள்.

அந்த மாதக் கடைசியில் உரையாடல் துறையின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அக்கரையார் இருக்கைக்கு ஆள் தேவை. கம்பளி துறையே வழங்கும். அக்கரையார் எவரையும் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்தவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர்கள்.

விண்ணப்பிக்க வந்தவர்களின் வரிசை, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடைத்தெரு தாண்டி நின்றது.