மூன்று சவரிமுத்துகள், ஒரே நம்பர்

கொலை செய்யப் பார்த்தவன் என்று என்னை யாராவது சொன்னால், கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஒரு பெரியவரை, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பரலோகம் அனுப்பப் பார்த்தவன் நான். (டீ நன்றாகத்தான் இருந்தது.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நாசரேத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, தூத்துக்குடியில் பழைய துறைமுகம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பதவி, ஐ.டி. இன்சார்ஜ். எனக்குக் கீழே இருந்தது ஒரு பிரிண்டர் மட்டும். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது.

நோயாளிகளின் காகித ஃபைல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த கையோடு, அவற்றைப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான். ரெக்கார்டு ரூமைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்ட செல்வமேரி அக்கா தயங்கினார்.

"ஏலே சாம், ஒரு ஆறு மாசம் கெடக்கட்டுமே. சோறா கேக்குது?"

"அக்கா, காலம் மாறிட்டு" என்றேன். அதைச் சொல்லும்போது நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

புது ஏற்பாட்டில் ஒரு தொல்லை வந்தது. பழைய சீட்டைக் கொண்டுவராதவர்களுக்கெல்லாம் ரிசப்ஷனில் புது நம்பர் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். "ஒரே ஆளுக்கு நாலு நம்பர் இருக்கு சாம். நான் எதைத் திறந்து பார்க்க?" என்று பெரிய டாக்டரம்மா கேட்டார். திங்கட்கிழமைக்குள் சரியாக வேண்டும் என்றார்.

சாஃப்ட்வேரில் 'மெர்ஜ்' என்றொரு வசதி இருந்தது. இரண்டு பதிவுகளை ஒன்றாக்கிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தும் செய்யலாம். விதி ஒன்றைக் கொடுத்து மொத்தமாகவும் செய்யலாம். ஒவ்வொன்றாகப் பார்க்க நான் என்ன கிளார்க்கா? பெயரும் ஃபோன் நம்பரும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று விதி வைத்தேன். வயதையும் பார்க்கச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வருஷா வருஷம் மாறுகிற சமாச்சாரத்தை எப்படி நம்புவது என்று விட்டுவிட்டேன். (பொறியியல் பட்டம், முதல் வகுப்பு.) 'இதைத் திரும்ப மாற்ற முடியாது, தொடரலாமா?' என்று திரை கேட்டது. சனிக்கிழமை மத்தியானம், டீ ஆறுவதற்குள், தொடர்ந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு அதிகம் ஆள் வருகிற மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. மூன்று மகன்கள் இருந்தால் மூன்று வீட்டிலும் ஒரு தாத்தா பெயர் ஓடும். ஆஸ்பத்திரியில் ஃபோன் நம்பர் கேட்டால், மெசேஜ் வாசிக்கத் தெரிந்த ஒரு மருமகளின் நம்பரை மொத்தக் குடும்பமும் கொடுக்கும்.

திங்கட்கிழமை காலை ஒரு வாலிபன் வந்தான். பெயர் சவரிமுத்து. கப்பலில் வேலை கிடைத்திருந்தது. உடல்தகுதிச் சான்றிதழுக்காக டாக்டரம்மா அவன் பதிவைத் திறந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சாம், இவனுக்கு எழுபது வயசு. இருபது வருஷமா சுகர். போன மாசம் எடை பதினாறு கிலோ. பூச்சி மருந்து கொடுத்திருக்கு. இவனக் கப்பல்ல ஏத்தவா, தொட்டில்ல போடவா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதே நேரம் அடுத்த அறையிலிருந்து ஒரு பெண்ணின் கத்தல் கேட்டது.

"ஏளா, நிறுத்துளா! அந்த ஊசி எங்க மாமாவுக்கு ஆவாது!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். கட்டிலில் சவரிமுத்து தாத்தா, காலில் சிப்பி கிழித்துச் சீழ் வைத்த புண்ணோடு. ஊசியைக் கையில் பிடித்தபடி வெளிறிப்போன சின்ன நர்ஸ். நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தபடி மருமகள் ரெஜினா. அந்த ஃபோன் நம்பரின் சொந்தக்காரி அவர்தான்.

"பென்சிலினுக்கு அலர்ஜி இல்லன்னு கம்ப்யூட்டர்ல இருக்கே" என்றாள் நர்ஸ்.

"கம்ப்யூட்டர் கெடக்கட்டும். இதே கட்டில்ல மூச்சு முட்டி மூஞ்சி வீங்கிக் கெடந்தாவ. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

தாத்தாவின் பதிவில் சிவப்பு எழுத்தில் இருந்த எச்சரிக்கையை, நான்கு வயதுப் பேரனின் 'அலர்ஜி இல்லை' அழித்துவிட்டிருந்தது. வயதுக்கு முதல் பதிவு, மற்றதற்கெல்லாம் கடைசியாக வந்தவனின் தகவலே செல்லும் என்பது அந்த சாஃப்ட்வேரின் நியாயம்.

தாத்தா என்னைப் பார்த்து, "யாரு இந்தத் தம்பி? ஏன் நடுங்குதான்? ஒக்காரச் சொல்லுங்க" என்றார். உட்கார்ந்தேன். அவர் கட்டிலிலேயே.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். "பேக்கப் இருக்கா சார்?" என்றார்கள். இருந்தது. ஞாயிறுதோறும் பழையதை அழித்துப் புதியதை எழுதும்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன். மெர்ஜ் ஆன முந்நூற்றுச் சொச்சம் பதிவுகளும் அப்படியே, பத்திரமாக, பேக்கப்பில் இருந்தன. காகிதங்களில் இந்நேரம் யாரோ வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார்கள்.

அடுத்த இரண்டு மாதம் செல்வமேரி அக்காவும் நானும் வீடு வீடாக நடந்தோம். "சுகர் உள்ள மிக்கேல் யாரு, மூலம் உள்ள மிக்கேல் யாரு?" என்று அக்கா தெருவிலேயே நின்று கேட்பார். மூலம் உள்ள மிக்கேல் எந்த வீட்டிலும் இல்லை. ஒரு வீட்டில் மீன் கழுவிய தண்ணீர் என் மேல் விழுந்தது. தவறுதலாக என்றார்கள். இரண்டாவது முறையும் அப்படித்தான் சொன்னார்கள். எத்தனை பேருடைய பழைய விவரம் திரும்பக் கிடைக்கவேயில்லை என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணிக்கையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வாலிப சவரிமுத்து சான்றிதழ் தாமதமாகி அந்தக் கப்பலைத் தவறவிட்டான். மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடுங்கண்ணே" என்றான். அடுத்த கப்பலுக்கு எட்டு மாதம் காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மூன்று வருஷம் கழித்து நாசரேத்தில் எனக்குக் கல்யாணம். குருவானவர் பிரசங்கத்தில், இனி நீங்கள் இரண்டு பேர் இல்லை, ஒரே ஆள் என்றார். கோயில் முழுக்க அமைதி. மூன்றாவது வரிசையிலிருந்து செல்வமேரி அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"அதுல தம்பிக்கு நல்ல அனுபவம் உண்டு ஐயா."

எங்கள் வீட்டில் எந்த விசேஷத்திலும் இதைச் சொல்லாமல் பந்தி முடிவதில்லை. எப்போது சண்டை வந்தாலும் என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்: "கல்யாணத்துக்கு முந்தின பேக்கப் எதுவும் இருக்கா?"

அதையும் அழித்துவிட்டேன்.