நடுக்குளத்துக் கெப்டன்

ஊவாவில் கடல் இல்லை. மலை இருக்கிறது, தேயிலை இருக்கிறது, பனி இருக்கிறது, காலைக் கடிக்க அட்டை இருக்கிறது. அந்த ஊவாவில், பதுளையிலிருந்து ஹல்துமுல்லை வரைக்கும் எந்தப் பெரிய துரைக்கும் கிடைக்காத மரியாதையை ஒரே ஒரு ஓட்டைப் படகை வைத்துக்கொண்டு சம்பாதித்த மனிதர் ஒருவர் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. கெப்டன், அவ்வளவுதான். அவரைப் பார்த்து நான் பட்ட பொறாமையை அடுப்பில் போட்டிருந்தால் எங்கள் தோட்டத்துத் தேயிலை முழுவதையும் காய வைத்திருக்கலாம். விறகாவது மிச்சமாகியிருக்கும்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷமான காலம். பண்டாரவளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், நான் எஞ்சினுக்கு உதவி டிரைவர். பெரிய டிரைவருக்கு வயதாகிவிட்டது, விலகப் போகிறார். அந்த வேலை எனக்கு வர வேண்டும். வேலை கிடக்கட்டும், அதோடு வருகிற வீடு வர வேண்டும். தனி வீடு, சமைக்கத் தனிக் குசினி, வாசலிலேயே தண்ணீர்ப் பைப்பு! நானும் என் மனைவி செல்லமும் இரண்டு பிள்ளைகளும் லயத்து வரிசை வீட்டில் காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள் கிடந்தோம். ஒருத்தர் புரண்டு படுத்தால் மற்ற மூன்று பேரும் எழுந்து வழிவிட வேண்டும்.

இந்த நேரம் பார்த்து எங்கள் துரைக்குப் படகு ஆசை வந்தது. ஸ்டோருக்குத் தண்ணீர் தேக்கி வைத்த குளத்தில் விடுவதற்காக, திருகோணமலையில் யாரோ கழித்துப் போட்ட லோஞ்ச் ஒன்றை வாங்கிவிட்டார். அடிவயிற்றுக்குள்ளேயே எஞ்சின் வைத்த பழைய படகு. எஞ்சின் என்றால் நான்தானே? சட்டையெல்லாம் துவைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். லொறி வந்தது. லொறிமேல் படகு. படகுக்குள் ஒரு ஆள் நின்றுகொண்டு, கொழுந்து பறிக்கிற பெண்களுக்கெல்லாம் சல்யூட் அடித்தபடி வருகிறார்!

அவர்தான் கெப்டன். பிறந்தது பசறைப் பக்கம் ஒரு லயத்தில். உலகச் சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஓடிப்போனவர். இரும்பு தூக்கினாரா, கப்பல் ஓட்டினாரா, ஆண்டவனுக்கே வெளிச்சம். மீசை மட்டும் அட்மிரல் மீசை.

வந்த மறுநாளே படகைக் குளத்தில் இறக்கினார். பெற்றோல் தாங்கியின் மூடிக்குச் சந்தனம் குழைத்துப் பெரிய பொட்டு வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, ஸ்டார்ட் பண்ணினார். லோஞ்ச் ஜம்மென்று போனது. நடுக்குளத்தில் இருமியது. நின்றது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. 'தொலைந்தான்' என்று நினைத்தேன். ஆனால் நடந்தது வேறு. கெப்டன் சட்டையைக் கழற்றினார். மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பெற்றோல் அளவு பார்த்தார். தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற செப்புக் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து, கன்னம் இரண்டும் பூசணிக்காயாக உப்ப ஊதினார். பெற்றோலைக் குளத்தில் துப்பினார். குழாய் முனையில் சவர்க்காரம் தடவி முறுக்கினார். மூடியைப் போட்டு இயக்கினார். ஓடியது! கரையில் நின்ற அத்தனை சனமும் கைதட்டியது.

தினமும் இதேதான். காலையில் பொட்டு, நடுக்குளத்தில் நிற்பு, ஊதல், கைதட்டல். குழாயை மாற்றினார், மரையை மாற்றினார், அதிர்வில் வெடிக்காமலிருக்கக் குழாயை ஒரு வளையமாகச் சுற்றிக்கூட வைத்தார். படகு நிற்பதை விடவில்லை. அவர் பெயரும் வளர்வதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்ல ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஸ்டோரில் என் எஞ்சின் வருஷக்கணக்காக நிற்காமல் ஓடுகிறது. ஒரு பயல் கைதட்டியதுண்டா? நிற்கிற எஞ்சினுக்குத்தான் ஐயா மவுசு!

வீட்டிலும் நிம்மதியில்லை. ஒருநாள் செல்லம் தேங்காய் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இது?"

"கெப்டன் அண்ணனுக்குங்க. பாவம், பெற்றோல் வாயோட எப்பிடித்தான் சாப்புடுறாரோ."

"நானுந்தான் நாள்பூரா எஞ்சின் புகையில கெடக்குறேன். என்னைக்காச்சும் பாவம்னு சொன்னியா?"

"நீங்க ஊதுறீங்களா என்ன?" என்று கேட்டாள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

இப்படியிருக்கும்போது கொழும்பிலிருந்து தோட்டத்தைப் பார்வையிட வருகிற வி.ஏ. துரை வரும் நாள் வந்தது. எங்கள் துரைக்கே அவரைக் கண்டால் கால் உதறும். பெரிய டிரைவர் யாரென்று அவர் முன்னால்தான் முடிவாகும் என்று பேச்சு. வி.ஏ. துரையைக் குளத்தில் சுற்றிக் காட்ட ஏற்பாடு. கெப்டன் சுக்கான் பிடிக்க, நான் உள்ளே வருகிற தண்ணீரை வாளியால் இறைத்து ஊற்ற! எஞ்சின்காரனை வாளிக்காரனாக்கி விட்டார்கள். பற்களைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.

வழக்கம்போல் நடுக்குளத்தில் இருமல். வழக்கம்போல் நின்றது. இரண்டு துரைமாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கெப்டன் சட்டையைக் கழற்றினார்.

வாளியும் கையுமாகத் தாங்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த நான், அப்போதுதான் அந்த மூடியைக் கிட்டத்தில் பார்த்தேன். எந்தத் தாங்கி மூடியிலும் காற்றுப் போக ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று இருக்கும். பெற்றோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பெற்றோல் இறங்காது. அந்த ஓட்டைக்கு நேர் மேலே, காய்ந்து கல்லாகி, கெப்டனின் சந்தனப் பொட்டு! அவர் அளவு பார்க்க மூடியைத் திறக்கிறபோதெல்லாம் காற்று உள்ளே போயிருக்கிறது. ஊதியதனால் ஒன்றுமே ஆகவில்லை.

நகத்தால் பொட்டைச் சுரண்டினேன். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணே!" என்றேன். ஓடியது. குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது, இருமவேயில்லை.

"வாட், வாட்?" என்றார் வி.ஏ. துரை. நான் எழுந்து நின்று, "தொரை, மூடி ஓட்டைய சந்தனம் அடைச்சிருந்துச்சுங்க. நான்தாங்க எடுத்து விட்டேன்" என்றேன். வி.ஏ. துரைக்குத் தமிழ் வராது. கெப்டன் மொழிபெயர்த்தார், துறைமுக இங்கிலீஷில். நான் சொன்னது இரண்டே வரி. அவர் அக்கரை போய்ச் சேரும்வரை பேசினார். கையை விரித்தார், மீனைப் போல் நெளிந்தார், வானத்தைக் காட்டினார், நடுவில் என்னையும் ஒரு தடவை காட்டினார். வி.ஏ. துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரையில் இறங்கியதும் கை குலுக்கியது கெப்டனோடு. பெரிய டிரைவர் வேலையும் கெப்டனுக்கு. வீடும் கெப்டனுக்கு.

நான் நேராகப் போய்ச் சண்டை பிடித்தேன். "நியாயமாய்யா இது? என்னத்த சொன்ன அந்தாளுகிட்ட?"

"ஒன்னையப் பத்தித்தான் ராசு சொன்னேன், சாமி சத்தியமா! அந்தாளுக்கு எம் மூஞ்சி புடிச்சுப் போச்சு. அதுக்கு நா என்ன செய்ய?"

செல்லம் அழுதாள். பைப்புத் தண்ணீருக்காக அழுதாள். வாங்கித் தர வக்கில்லாத என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. விடிந்தும் விடியாமல் லயத்து வாசலில் கெப்டன், கண்ணெல்லாம் சிவந்து. நடுக்கடலில் சுறாவை உதைத்ததாகக் கதை சொன்ன மனிதர்!

"ராசு, அம்மாம் பெரிய வீட்டுல தனியாப் படுக்கப் பயமா இருக்குடா. கூரையில என்னமோ நடக்குது. சாமான கட்டு, எல்லாரும் வந்துருங்க."

"அது ஒங்க வீடு. எனக்கெதுக்கு?"

"சமைக்கவும் தெரியாதுடா எனக்கு. ஏ செல்லம், நீயாச்சும் சொல்லு தாயி!"

செல்லம் என்னைக் கேட்கவேயில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

அப்படித்தான் அந்த வீடு எங்களுக்கு வந்தது. கெப்டன் முன் அறையில். ஸ்டோரில் எஞ்சினைப் பார்த்தது நான், நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவுக்குச் சுறாக் கதை சொன்னது அவர். மாலையில் நான் வீடு திரும்பினால் பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்ளும். பெற்றவன் நான் ஐயா! சில வருஷம் இப்படி வெந்துகொண்டே அந்த வீட்டில் குடியிருந்தேன்.

பிறகு தோட்டம் கைமாறியது, துரை சீமைக்குப் போனார். லோஞ்சையும் யாரோ கொண்டுபோனார்கள். படகில்லாத ஊரில் கெப்டனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கடலப் பாக்கணும் ராசு" என்று கிளம்பிவிட்டார். வேலை எனக்கு வந்தது. வீட்டில் முன் அறை காலியானது.

பண்டாரவளை ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். மகனைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். மகளைக் கட்டிப்பிடித்து, மீசையெல்லாம் நனைய, சின்னப் பிள்ளை போல் விம்மி அழுதார். செல்லத்தின் தலையில் கையை வைத்து, "நல்லா இரு தாயி" என்றார். கடைசியாக என்னிடம் வந்தார். என் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்ததை மாட்டிவிட்டார். "எஞ்சினப் பாத்துக்க" என்றார். ஏறிவிட்டார்.

ரயில் நகர்ந்தது. அத்தனை வருஷமும் அவரைப் பார்த்து வயிறெரிந்த நான், அன்றைக்கு அந்த மேடையில் நின்றுகொண்டு, அவர் கட்டிப்பிடித்து அழுத என் சொந்தப் பிள்ளைகளைப் பார்த்து வயிறெரிந்தேன்.